வடசென்னையில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் கேட்ட கேள்விகள்

தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. பல வருஷமாகச் சைக்கிளில்தான் போய்வருகிறேன். அக்கம்பக்கத்தார் வண்டிகளுக்குச் சில்லறை ரிப்பேரும் பார்த்துக் கொடுப்பேன். கேள்வி அனுப்பியவர்களில் பெரும்பாலோர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் வேலைக்குப் போகிறவர்கள். ரேஸ் வண்டி, ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர். சவாரி பற்றியெல்லாம் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது என் ஏரியா இல்லை.

அண்ணே, தேரடியிலிருந்து பாரிமுனைக்குப் போகணும். ஷிப்பிங் ஆபீஸ் வேலை. எக்ஸ்பிரஸ் ரோடு நேராக, அகலமாக இருக்கே, அதில் போகலாமா? (திருவொற்றியூர்)

வேண்டாம் தம்பி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு அகலமாகத் தெரியும். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் வரிசை கட்டிவிட்டால், நமக்கு மிஞ்சுவது நிற்கிற ட்ரெய்லருக்கும் ஓடுகிற ட்ரெய்லருக்கும் நடுவில் ஒரு சந்துதான். நிற்கிற வண்டியின் டிரைவர் டீ குடிக்கக் கதவைத் திறந்து இறங்குவதும் அதே சந்தில்தான்.

வேறு வழியில்லாமல் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நாற்பதடி ட்ரெய்லர் இடது பக்கம் திரும்பும்போது, முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். திரும்புவதற்கு இடம் வேண்டும் என்பதால் டிரைவர் முதலில் வலதுபக்கம் ஒடித்து விலகுவார். அதைப் பார்த்து ‘வழி விட்டுட்டார்’ என்று இடதில் நுழைகிற சைக்கிள்தான் மாட்டுகிறது. கேபின் உயரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இடது கதவுக்குக் கீழே இருக்கும் நம் தலை தெரியவே தெரியாது. அவருடைய பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. அவர் திரும்பி முடிக்கும்வரை பின்னாலேயே நில்லுங்கள்.

உங்களுக்கு டி.எச். ரோடு, அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலைதான் சரி. எல்லையம்மன் கோயில், டோல்கேட், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, ஸ்டான்லி ஆஸ்பத்திரி, அப்புறம் பிராட்வே. நெரிசல் உண்டு, ஆனால் நெரிசலில் எந்த வண்டியும் வேகமாக வராது. நமக்கு அது நல்லதுதான். காலடிப்பேட்டைப் பக்கம் மெட்ரோ தூண்களுக்கு நடுவிலிருந்து பைக்குகள் திடீரென்று குறுக்கே வரும், அங்கே மட்டும் பிரேக்கில் விரல் இருக்கட்டும். காலை ஏழு மணிக்குள் கிளம்பினால் பாதித் தொல்லை குறையும். சாயங்காலம் துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோடு பக்கம் தலையே வைக்காதீர்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதற்கே பொறுமை வேண்டும்.

ஆபீஸ் போய்ச் சேரும்போது சட்டை பிழிகிற மாதிரி நனைந்துவிடுகிறது. என்ன செய்வது? (பெரம்பூர்)

சென்னையில் ஓட்டினால் வேர்க்கத்தான் செய்யும் சார். பனியனோடு ஓட்டுங்கள், ஆபீஸ் சட்டையைச் சுருட்டிப் பையில் வையுங்கள். பையை முதுகில் மாட்டாமல் பின்னால் கேரியரில் கட்டினாலே பாதி வேர்வை போய்விடும். கடைசி ஒரு கிலோமீட்டரை நடக்கிற வேகத்தில் ஓட்டுங்கள். போனதும் சட்டையை மாட்டிவிடாமல் பத்து நிமிஷம் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, ஈரத் துண்டால் கழுத்து, முதுகு, அக்குள் துடைத்துவிட்டு அப்புறம் போடுங்கள். சென்ட் மட்டும் அடிக்காதீர்கள், வேர்வையோடு சேர்ந்தால் பக்கத்து சீட்டுக்காரருக்குத்தான் தண்டனை.

மே மாதம் பாரிமுனையிலிருந்து சாயங்காலம் ஜம்மென்று வீடு வந்தேன். டிசம்பரில் அதே ரோடு, அதே சைக்கிள், மூச்சு வாங்குகிறது. வயசாகிவிட்டதா? (எர்ணாவூர்)

வயசு இல்லை, காற்று. கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து அடிக்கும். வடக்கே வீட்டுக்குப் போகிற உங்களை முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். ஐப்பசி, கார்த்திகை வந்தால் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து முகத்தில் அடிக்கும். அந்த மாதங்களில் கடலோரத்தை விட்டு ஒரு தெரு உள்ளே தள்ளி ஓட்டினால் கட்டிடங்கள் காற்றைத் தடுத்துக்கொள்ளும். காலையில் வரும்போது அதே வாடை உங்களுக்கு உதவிதானே, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பஞ்சர் ஒட்டி வாங்கினால் மறுநாளே மறுபடி இறங்குகிறது. கடைக்காரர் ஏமாற்றுகிறாரா? (மணலி)

பெரும்பாலும் இல்லை. லாரி டயர் தேய்ந்து வெடிக்கும்போது அதிலிருக்கும் எஃகு இழை துண்டு துண்டாக ரோட்டில் சிதறும். மணலி, மாதவரம் பக்கம் கனரக வண்டிகள் அதிகம், அதனால் இந்தக் கம்பியும் அதிகம். தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். டயருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் உட்கார்ந்து அழுத்தும்போது மட்டும் டியூபைக் குத்தும். டியூபை ஒட்டிவிட்டு டயரைப் பார்க்காமல் மாட்டினால் மறுநாள் பழையபடி ஆகாமல் வேறென்ன ஆகும்?

டயரைக் கழற்றி, உள்பக்கம் முழுக்கக் கொஞ்சம் பஞ்சை வைத்து மெதுவாகச் சுற்றி இழுங்கள். கம்பி இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டி ஒரு நூல் நிற்கும். விரலால் தேடவேண்டாம், கிழித்துவிடும். வெளிச்சத்தில் டயரை மடக்கி, நகவெட்டியாலோ குறடாலோ கம்பியைப் பிடுங்குங்கள். டியூபில் ஓட்டை இருந்த இடத்தையும் வால்வையும் ஒப்பிட்டுப் பார்த்தால் டயரில் எங்கே தேடவேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அதனால்தான் டியூபை உருவும்போது எந்தப் பக்கம் எது என்று சாக்பீஸில் குறித்துக்கொள்வேன்.

ஒட்டவே ஒன்றும் இல்லாமல் காற்று இறங்கினால் வால் டியூபைப் பாருங்கள். பழைய மாதிரி வால்வில் ஒரு சின்ன ரப்பர் குழாய் இருக்கும், வெயிலில் அது இறுகிப் பிளந்துவிடும். வால்வு வாயில் கொஞ்சம் எச்சிலைத் தொட்டு வைத்தால் குமிழி வருகிறதா என்று தெரியும். ரப்பர் விலை ஒரு டீக் காசுகூட ஆகாது.

மழைக்காலத்தில் சைக்கிளை என்ன செய்வது? சுரங்கப்பாதை நிறைந்துவிடுகிறது. (வியாசர்பாடி)

கணேசபுரம் சுரங்கப்பாதை என்றாலே மழைச் செய்திதானே ஞாபகம் வருகிறது. எந்தச் சுரங்கப்பாதையானாலும் சரி, பெடல் கீழே போகும்போது கால் நனைகிற அளவுக்குத் தண்ணீர் இருந்தால் இறங்காதீர்கள். மேன்ஹோல் மூடி இருக்கிறதா இல்லையா என்பது மேலேயிருந்து தெரியாது. பஸ் போகிறதே என்று நாமும் போவது புத்திசாலித்தனம் இல்லை. அரை மணி லேட்டானால் ஆகட்டும்.

பிரேக் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கம்பி பிரேக்கும் நிக்கல் பூசிய இரும்பு ரிம்மும் இருக்கும் பழைய வண்டி நனைந்தால் பிரேக் கிட்டத்தட்ட இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாக இரண்டு மூன்று தடவை பிடித்துவிடுங்கள். பிரேக் கட்டை, ரிம்மில் இருக்கும் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிப்பு வரும். காசிமேட்டுப் பக்கம் மழையே வேண்டாம், மீன் வண்டியிலிருந்து வடிகிற தண்ணீர் போதும் வழுக்கி விழ. அங்கே வளைவில் பிரேக் பிடிக்காதீர்கள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். தண்டவாளம் குறுக்கே வந்தால் சக்கரம் அதற்குச் செங்குத்தாகப் போகிற மாதிரி ஹேண்டிலைத் திருப்பித் தாண்டுங்கள். சாய்வாகப் போனால் டயர் பள்ளத்தில் இறங்கி ஆளைச் சாய்த்துவிடும்.

வண்டி தண்ணீரில் முங்கிவிட்டால், வெயிலில் காயவைத்தால் போதும் என்று விடாதீர்கள். ஹப்பிலும் பெடல் அச்சிலும் கிரீஸ் கழுவிப் போயிருக்கும். ஓவராயில் செய்து, அதாவது முழுக்கப் பிரித்துச் சுத்தம் செய்து, பால்ஸ் மாற்றிப் புது கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.

அண்ணா, நான் நர்ஸ். கொடுங்கையூரிலிருந்து ஸ்டான்லி பக்கம் டூட்டிக்குப் போகிறேன். துப்பட்டா செயினில் சிக்குகிறது, ராத்திரி திரும்பும்போது நாய் துரத்துகிறது.

முழு செயின் கவர் இருக்கும் லேடீஸ் சைக்கிள் வாங்குங்கள் தங்கச்சி. பாதிக் கவர் போதாது. பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் வலைபோட்ட டிரஸ் கார்டு கேட்டு மாட்டச் சொல்லுங்கள், பல கடைகளில் அதைக் கழற்றிவிட்டே விற்கிறார்கள். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள்.

நாய் துரத்தினால் வேகம் எடுக்கவே கூடாது. ஓடுகிற காலைத்தான் அது துரத்துகிறது. இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடங்கள்; கொஞ்ச தூரத்தில் அதுவே சலித்துப் போய்விடும். பின்னால் சிவப்பு லைட் கட்டாயம். மட்கார்டிலும் பெடலிலும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பெடலில் ஒட்டியது மேலும் கீழும் அசைவதால், பின்னால் வரும் லாரிக்காரர் தூரத்திலேயே சைக்கிள் என்று புரிந்துகொள்வார்.

எங்கள் வீடு கடலோரம். ஆறு மாசத்தில் செயின் துரு ஏறுகிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா? (காசிமேடு)

தலைக்கு விடுங்கள், செயினுக்கு வேண்டாம். கொஞ்ச நாளில் பிசுபிசுவென்று கெட்டியாகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக் ஷெட்டில் கிடைக்கும் கழிவு ஆயிலும் வேண்டாம், அதில் இரும்புத் தூள் இருக்கும். பழைய பல் பிரஷ்ஷால் செயினை டீசலில் தேய்த்துத் துடைத்து, காய்ந்ததும் தையல் மெஷின் ஆயிலை ஒவ்வொரு கண்ணியின் உருளைமேலும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பத்து நிமிஷம் கழித்து வெளியே வழிகிறதைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். ஆயில் உள்ளே இருந்தால் போதும், வெளியே இருந்தால் தூசிக்கு விருந்து. உப்புக் காற்றில் இதை வாரம் ஒருமுறை செய்யுங்கள். சீட் கம்பியையும் வருஷத்துக்கு ஒருமுறை உருவி கிரீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் இறுகிப் பிடித்துக்கொண்டு சுத்தியலுக்கும் அசையாது.

கியர் சைக்கிள் வாங்கலாமா, சாதா சைக்கிளா? (மூலக்கடை)

சாதா. நம் பக்கம் மேடு என்று சொல்ல மேம்பாலங்களை விட்டால் என்ன இருக்கிறது? அதற்காக இருபத்தொரு கியரா? முன்னால் ஸ்பிரிங் வைத்த வண்டி கடையில் அழகாக இருக்கும். நீங்கள் மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங் தின்றுவிடும். மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டுகூட தனிக் காசு. சாதா வண்டிக்கு எந்தத் தெருமுனைக் கடையிலும் சாமான் கிடைக்கும். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்த ஊர் இது, சாமானுக்கா பஞ்சம்?

மூட்டு வலி வருகிறது. நிறுத்திவிடவா? (ஓட்டேரி)

முதலில் சீட்டை ஏற்றுங்கள். உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்று கடையில் சீட்டை இறக்கிவிடுவார்கள். அப்படி ஓட்டினால் முழங்கால் எப்போதும் மடங்கியே இருக்கும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் கணக்கு. நிற்கும்போது ஒரு கால் நுனி தரையைத் தொட்டால் போதும். அதற்குப் பிறகும் வலித்தால் டாக்டரைப் பாருங்கள்.

தூசிக்குக் கைக்குட்டை கட்டினால் போதுமா? (எண்ணூர்)

மண்ணைத் தடுக்கும், புகையையும் சாம்பலின் நுண்தூளையும் தடுக்காது. என்-95 தடுக்கும், ஆனால் வேர்வையில் நனைந்தால் மூச்சு முட்டும். லாரிக்குப் பின்னாலேயே போகாமல் இருப்பது இரண்டையும்விட மேல்.

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி சைக்கிளை உள்ளே விடுவதில்லை. பைக்குக்கு ஷெட் இருக்கு, எனக்கு வெளியே மரத்தடி. வீட்டிலும் ‘பைக் வாங்குறதுக்கு என்ன கேடு’ என்கிறார்கள். (கொருக்குப்பேட்டை)

செக்யூரிட்டியிடம் சண்டை போடாதீர்கள் தம்பி, அவருக்கு யாரோ சொன்னதைச் செய்கிறார். நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், சைக்கிளில் வரும் இன்னும் நாலு பேரிடம் கையெழுத்து வாங்கிச் சேர்த்துக் கொடுங்கள். தனியாகக் கேட்டால் பதில் வராது. வீட்டில் இருக்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல? 1996-ல் பின்னி மில் மூடும்வரை பெரம்பூர், ஓட்டேரி, புளியந்தோப்பு வீடுகளில் மில் சம்பளத்தில் சோறு தின்று வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தத் தொழிலாளிகள் வேலைக்குப் போனது சைக்கிளிலும் நடந்தும்தான். அப்போது யாருக்கும் மரியாதை குறைந்ததாகத் தெரியவில்லை.

சைக்கிளுக்குத் தனிப் பாதை வருமா? (தண்டையார்பேட்டை)

2014-ல் சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று ஒரு கொள்கையே கொண்டுவந்தது. நான் தினம் போகிற தெருக்களில் இன்னும் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. வந்தாலும் அதில் பைக் நிறுத்தாமல் இருக்க ஆள் போடவேண்டும்.

ஸ்டேஷன் வாசலில் வைத்த சைக்கிள் காணாமல் போய்விட்டது. அடுத்த வண்டிக்கு என்ன பூட்டு வாங்குவது? (ராயபுரம்)

பின்சக்கரத்தில் வரும் வட்டப் பூட்டு சைக்கிளை ஓட்டவிடாது, தூக்கிப் போக விடும். அதோடு ஒரு கனமான சங்கிலிப் பூட்டும் வேண்டும். பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய கேபிள் வாங்காதீர்கள், சின்ன கட்டிங் பிளேயர் போதும் அதற்கு. சங்கிலி பின்சக்கரத்தையும் ஃபிரேமையும் சேர்த்து, மண்ணில் ஊன்றிய கம்பியைச் சுற்றி வரவேண்டும். வெறும் முன்சக்கரத்தைப் பூட்டினால் சாயங்காலம் முன்சக்கரம் மட்டும் இருக்கும். வாங்கிய அன்றே பெடல் அச்சுக்கு அடியிலோ சீட்டுக்குக் கீழேயோ அடித்திருக்கும் ஃபிரேம் நம்பரைப் போட்டோ எடுத்து வையுங்கள், பில்லையும் சேர்த்து. போலீஸில் புகார் கொடுக்கும்போது ‘கறுப்பு சைக்கிள் சார்’ என்றால் எழுதுகிறவரும் என்னதான் செய்வார்?