கல்யாணமாகிப் போன மகளுக்கு அப்பா வீட்டில் பங்கு உண்டா?

உண்டு. பெண் என்பதாலேயே உரிமையைக் குறைப்பதுதான் பாலினப் பாகுபாடு; பழைய வண்ணாரப்பேட்டையில் பூர்வீக ஓட்டு வீட்டை விற்கும்போது அது பளிச்சென்று தெரியும். மகள் வேறு வீட்டுக்குப் போகிறவள் என்பதே பழைய இந்துச் சட்டத்தின் கணக்கு. தமிழ்நாடு 1989-இல் (அன்று மணமாகாதவர்களுக்கு மட்டும்), மத்திய அரசு 2005-இல் அதை மாற்றின. 20.12.2004-க்கு முன் பதிவான பாகப்பிரிவினை அசையாது. மற்றபடி, கல்யாணமாகிப் போனதால் பங்கு போகாது. சீட்டுக் கட்டியவர் வேறு தெருவுக்குக் குடிபோனால் சீட்டு ரத்தாகுமா?

கோட்டை விடுவது சார்பதிவாளர் அலுவலகத்தில்தான். "சும்மா ஒரு கையெழுத்தும்மா" என்று அண்ணன் நீட்டுவது பெரும்பாலும் விடுதலைப் பத்திரம், அதாவது பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம். பதிவானால் பங்கு போச்சு; தலைப்பையாவது படியுங்கள். அப்பாவின் சுயசம்பாத்தியம் வேறு: உயிலில் யாருக்கும் எழுதலாம். உயில் இல்லையென்றால் மகனுக்குச் சமமாக மகளுக்கும் வரும்.

"நகை போட்டு, சீர் செஞ்சாச்சே" என்பார்கள். சீர் வாங்கியதால் பங்கு ரத்தாகாது.