வெளிநாட்டு ஊழியர், உள்ளூர்ச் சம்பளம், வீட்டு வாடகை: வாசகர் கேள்விகள்

வேலை, சம்பளம், வாடகை பற்றிச் சிங்கப்பூர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். தொகை எல்லாம் சிங்கப்பூர் வெள்ளியில்.

கேள்வி: என் மகன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு டெக்னீஷியனாக இருக்கிறான். மூன்று வருடமாகச் சம்பளம் நகரவே இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் வராமல் இருந்திருந்தால் ஏறியிருக்கும்தானே? (ஈசூன் வாசகி)

பதில்: வந்தவர் எந்த பாஸில், அதாவது எந்த வகை வேலை அனுமதியில் வந்தவர் என்பதைப் பொறுத்தது அம்மா. துவாஸில் வொர்க் பெர்மிட்டில் கம்பி கட்டுகிறவர் உங்கள் மகனின் வேலைக்கு வரவில்லை. அவர் கட்டடத்தை எழுப்பினால்தான் அதில் லிஃப்ட், ஏர்கான், மின்சாரம், மேற்பார்வை என்று உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை வரும். மேல் அடுக்கில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் இருக்கிறது. 2025 ஜனவரி முதல் அதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி, நிதித்துறையில் 6,200. வயதுக்கு ஏற்ப இன்னும் கூடும். அதில் வருகிறவரும் உங்கள் மகனோடு நேராக மோதுவது குறைவு.

உரசல் நடு அடுக்கில், எஸ் பாஸில்தான். டெக்னீஷியன், உதவிப் பொறியாளர் வேலைகளுக்கு இரண்டு தரப்பும் ஒரே வாசலில் நிற்கிறார்கள். அதனால்தான் கட்டுப்பாடும் இங்கே இறுக்கம். சேவைத் துறையில் மொத்த ஆட்களில் 10 விழுக்காடு, உற்பத்தி, கட்டுமானம் போன்றவற்றில் 15 விழுக்காடு என்று உச்சவரம்பு. 2025 செப்டம்பர் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 3,300. அதற்கு மேல் மாதம் 650 வெள்ளி லெவி, அதாவது வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 3,300 வெள்ளி எஸ் பாஸ் ஊழியருக்கு முதலாளியின் செலவு, லெவியோடு 3,950. அதே 3,300 சம்பளத்துக்கு உங்கள் மகனை எடுத்தால், முதலாளியின் மசேநி (மத்திய சேமநிதி) பங்கு 17 விழுக்காட்டைச் சேர்த்து 3,861. சொல்லப்போனால் உள்ளூர்க்காரர்தான் கொஞ்சம் மலிவு! பிறகும் ஏன் சில முதலாளிகள் எஸ் பாஸையே தேடுகிறார்கள்? அவர் சுலபத்தில் வேலை மாற மாட்டார். வேறு முதலாளி புதிதாக மனுப்போட்டு அனுமதி வாங்கினால்தான் அவரால் நகர முடியும். ஷிஃப்ட், ஞாயிறு, ஓவர்டைம் எதற்கும் மறுப்புச் சொல்லும் நிலையில் அவர் இல்லை. உங்கள் மகனின் சம்பளத்தை அழுத்துவது ஆட்களின் எண்ணிக்கையைவிட இந்தக் கட்டிப்போடல்தான் என்பது என் கருத்து. மகனை ஒன்று செய்யச் சொல்லுங்கள்: அவர் கம்பெனியில் எஸ் பாஸ் ஆட்கள் இருந்து, அவருடைய சம்பளம் 3,300க்குக் கீழே இருந்தால், அடுத்த சம்பளப் பேச்சில் அந்த எண்ணைத் தயங்காமல் எடுத்து வைக்கலாம்.

கேள்வி: துப்புரவு வேலைக்கு யார் வந்தாலும் சம்பளம் குறையத்தானே செய்யும்? அம்மா இருபது வருடமாக அதே துறையில் இருக்கிறார். (பொங்கோல்)

பதில்: பல வருடம் அப்படித்தான் இருந்தது. அலுவலகங்கள் துப்புரவைக் குத்தகைக்கு விட்டன, மலிவாகக் கேட்டவருக்கே குத்தகை கிடைத்தது, மலிவான ஆட்களும் கிடைத்தார்கள். சந்தை தானாகச் சரிசெய்யவில்லை. சட்டம் போட்ட பிறகுதான் மாறியது. 2014 செப்டம்பரில் துப்புரவு நிறுவன உரிமத்தோடு படிப்படியாக உயரும் சம்பள முறை கட்டாயமானபோது அடிப்படைச் சம்பளம் 1,000 வெள்ளி. பொதுத் துப்புரவாளருக்கு அது 2025 ஜூலையில் 1,910. 2028 ஜூலையில் 2,420 ஆக வேண்டும். இதே காலத்தில் வெளிநாட்டு ஊழியர் எண்ணிக்கை குறையவில்லை, கூடியிருக்கிறது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்த முறை குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். பக்கத்தில் துடைப்பத்தோடு நிற்கும் வெளிநாட்டவருக்கு இது பொருந்தாது. சிங்கப்பூரில் எல்லாருக்குமான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் கிடையாது.

கேள்வி: என் மாமியாருக்கு 68 வயது, வீட்டில்தான் இருக்கிறார். அவர் மசேநி கணக்கில் ஏதோ கம்பெனி மாதாமாதம் பணம் போடுகிறது. சும்மா வருகிற பணம்தானே, விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள்! வெளிநாட்டு ஊழியரை எடுக்க ஒரு கம்பெனிக்கு உள்ளூர் ஆட்கள் இத்தனை பேர் இருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் மாதம் 1,600 வெள்ளி வாங்கும் உள்ளூர்வாசியை ஓர் ஆளாகவும், 800 முதல் 1,600க்குள் வாங்குபவரை அரை ஆளாகவும் கணக்கில் எடுப்பார்கள். அந்தக் கணக்கை நிரப்பத்தான் சிலர், வேலைக்கே வராதவர்கள் பெயரில் மசேநி கட்டுகிறார்கள். உங்கள் மாமியார் ஒரு கம்பெனியின் ஏட்டில் ‘வேலை பார்த்துக்கொண்டு’ இருக்கிறார். பொய்த் தகவல் கொடுத்த முதலாளிக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தெரிந்தே பெயர் கொடுத்தவரையும் விசாரிப்பார்கள். மனிதவள அமைச்சுக்கு இன்றே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வாடகை ஏறியதற்கு வெளிநாட்டவர்தான் காரணம் என்கிறார் என் கணவர். நான் அரசாங்கம் வீடு கட்டாததுதான் என்கிறேன். யார் சரி? (செங்காங்)

பதில்: இரண்டு பேருமே. ஆனால் பந்தயம் என்றால் நான் உங்கள் பக்கம் பணம் வைப்பேன்.

2020 ஜூனில் மொத்த மக்கள்தொகை 5.69 மில்லியன். கொவிட்டில் ஆட்கள் ஊருக்குப் போய், 2021 ஜூனில் 5.45 மில்லியனாக இறங்கியது. எல்லை திறந்ததும் திரும்பி வந்தார்கள். குடிமக்களோ நிரந்தரவாசிகளோ அல்லாதவர்களின் எண்ணிக்கை 2022 ஜூனில் 1.56 மில்லியன், 2023 ஜூனில் 1.77 மில்லியன். (மாணவர்களும் குடும்பத்தினரும் இதில் சேர்த்தி.) 2022இல் மட்டும் தனியார் வீட்டு வாடகை ஏறக்குறைய 30 விழுக்காடு ஏறியது. இதுவரை உங்கள் கணவர் சரி.

அப்புறம் பாருங்கள். 2024 ஜூனில் அந்த எண்ணிக்கை 1.86 மில்லியனாக மேலும் கூடியது. வாடகையோ 2024இல் இரண்டு விழுக்காடு அளவுக்கு இறங்கியது. ஆட்கள் கூடியும் வாடகை இறங்கியதற்குக் காரணம், கட்டுமானத்தில் தேங்கிக் கிடந்த வீடுகள் 2023இல் மொத்தமாக முடிந்து வந்ததுதான். அவை தேங்கியது எதனால்? கொவிட்டில் கட்டுமான ஊழியர்கள் கிடைக்கவில்லை. பிடிஓ வீட்டுக்கு (முன்பதிவு செய்த பிறகு கட்டித்தரும் அரசாங்க வீடு) காத்திருந்த குடும்பங்கள் நடுவில் வாடகை வீடு தேடி அலைந்தன, அதுவும் வாடகையை ஏற்றியது. ஆக, அந்த இரண்டு வருடம் வாடகை ஏறியதில் வெளிநாட்டு ஊழியர் வந்ததற்கும் பங்கு உண்டு, வராததற்கும் பங்கு உண்டு.

வீடு வாங்கும் பக்கம் வேறு கதை. 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர் வீடு வாங்கினால் கூடுதல் முத்திரைத் தீர்வை 60 விழுக்காடு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை அவர்கள் வாங்கவே முடியாது. உங்கள் பேட்டையில் மறுவிற்பனை விலை ஏறியதற்கு அவர்களைக் கைகாட்டுவது நியாயம் இல்லை.

கேள்வி: நான் புதுக்கோட்டை. கட்டுமான வேலை. லெவி கட்ட வேண்டும் என்று சொல்லி மாதம் 200 வெள்ளி பிடிக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களோ நாங்கள் வந்து அவர்கள் சம்பளத்தைக் கெடுக்கிறோம் என்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

பதில்: தம்பி, முதலில் பிடித்தம். லெவி முதலாளி கட்ட வேண்டியது. அதை ஊழியரின் சம்பளத்தில் பிடிப்பது சட்டப்படி குற்றம். வேலைக்கு எடுத்ததற்காக முதலாளி உங்களிடம் பணம் வாங்குவதும் குற்றம்.

விமானம் ஏறும் முன்பு உங்களுக்கு ஓர் ஐபிஏ கடிதம், அதாவது மனிதவள அமைச்சின் கொள்கையளவு அனுமதிக் கடிதம் வந்திருக்கும். தமிழிலும் இருக்கும். அதில் அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், மாதப் பிடித்தம் என்று தனித்தனி வரி இருக்கும். அதைச் சம்பளச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். கடிதத்தில் இருக்கும் தொகையை நீங்கள் எழுத்தில் சம்மதிக்காமல், அமைச்சுக்கும் தெரிவிக்காமல் குறைக்க முடியாது. ஓவர்டைம், மணிக்கு ஒன்றரை மடங்கு. கடிதம், சம்பளச் சீட்டு இரண்டையும் போனில் படம் எடுத்து ஊரில் வீட்டுக்கு ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். அனுமதி முடியும் தறுவாயில், 40ஆம் நாளுக்கும் 21ஆம் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில், இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனி உங்களுக்கு மனுப்போடலாம். இது தெரியாமலே பலர் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

சம்பளத்தைக் கெடுக்கிறீர்களா என்றால், 2024 ஜனவரி முதல் கட்டுமானத் துறையில் அடிப்படைத் திறன் ஊழியருக்கு லெவி 900 வெள்ளி, உயர்திறன் உள்ளவருக்கு 500. உங்கள் சம்பளம் 800 என்று வைத்துக்கொண்டால், விடுதிப் படுக்கை, சாப்பாடு சேர்ப்பதற்கு முன்பே முதலாளிக்கு 1,700 ஆகிறது. அதில் பாதிக்கு மேல் அரசாங்கத்துக்குப் போகிறது. நீங்கள் மலிவாகத் தெரிவது உங்கள் கையில் வருவதைப் பார்க்கிறவர்களுக்குத்தான். திறன் தேர்வு எழுதி 500 வெள்ளி பிரிவுக்குப் போனால் முதலாளிக்கு 400 மிச்சம். அதில் ஒரு பங்கைச் சம்பளமாகக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: எங்கள் ஐடி பிரிவில் முக்கால்வாசிப் பேர் ஒரே நாட்டுக்காரர்கள். எல்லாம் சீக்கா ஒப்பந்தத்தால் வந்தது என்கிறார்கள், உண்மையா?

பதில்: இந்தியாவோடு 2005இல் போட்ட அந்த ஒப்பந்தம் யாருக்கும் பாஸையோ நிரந்தரவாசத்தையோ தானாகக் கொடுக்காது. ஒரே நிறுவனத்துக்குள் இந்தியாவிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் 2020இல் சுமார் 500 பேர்தான் என்று 2021இல் நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். ஆனால் எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருந்தவர்களில் இந்தியர்களின் பங்கு 2005இல் 14 விழுக்காடாக இருந்து 2020இல் 25 விழுக்காடானதும் அங்கே சொல்லப்பட்டதுதான். உங்கள் கண் பொய் சொல்லவில்லை, காரணம்தான் வேறு. ஐடி ஆட்கள் அங்கே நிறைய, இங்கே தேவை அதிகம். கூடவே, மேனேஜர் தன் ஊர் ஆட்களையே எடுப்பது என்ற பழக்கமும் உண்டு, அதை மறைப்பானேன்.

2023 செப்டம்பரிலிருந்து புதிய மனுக்களுக்கு காம்பஸ் என்ற மதிப்பெண் முறை வந்திருக்கிறது. 40 புள்ளி வேண்டும். ஒரே நாட்டவர் குவிந்திருக்கும் கம்பெனிக்கு அதில் புள்ளி குறையும். நாட்டைப் பார்த்து ஒதுக்குவதைத் தடுக்கும் வேலையிட நியாயச் சட்டமும் 2025 ஜனவரியில் நிறைவேறியது.

கேள்வி: சமையல்காரர் கிடைக்கவில்லை. தோசை விலை ஏற்றினால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறார். (தேக்கா உணவக உரிமையாளர்)

பதில்: 2023 செப்டம்பரிலிருந்து இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து வொர்க் பெர்மிட்டில் சமையல்காரரை எடுக்கலாம், சம்பளம் குறைந்தது 2,000. ஆனால் வரம்பு மொத்த ஆட்களில் 8 விழுக்காடு. பத்துப் பேர் கடையில் அது ஓர் ஆளாகக்கூடத் தேறாது. பெரிய கடைக்குத்தான் லாபம். விலையை ஏற்றிவிட்டு நடப்பதைப் பாருங்கள். இத்தனை நாள் தோசை மலிவாக இருந்ததே கல்லில் நிற்கிறவரின் குறைந்த சம்பளத்தால்தான், வாடிக்கையாளரும் அதைக் கொஞ்சம் சுமக்கட்டும்.

கேள்வி: எல்லாரையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டால்?

பதில்: அமெரிக்கா ஒரு தடவை ஏறக்குறைய அதைச் செய்து பார்த்தது. மெக்சிகோ விவசாயக் கூலிகளை 1942இலிருந்து ஒப்பந்தத்தில் வரவழைத்த பிரசேரோ திட்டத்தை, உள்ளூர்க் கூலி உயரும் என்று சொல்லி 1964இல் மூடினார்கள். கூலி எதிர்பார்த்தபடி ஏறவில்லை என்று 2018இல் பொருளியலாளர்கள் கணக்குப் பார்த்துச் சொன்னார்கள். கலிஃபோர்னியாவில் தக்காளி பறிக்க இயந்திரம் வந்தது; இயந்திரம் இல்லாத பயிர்களில் சிலவற்றைக் குறைத்துக்கொண்டார்கள். இங்கேயும் அப்படித்தான் ஆகும். சில வேலை இயந்திரத்துக்குப் போகும், சில வேலை நாட்டைவிட்டே போகும், மிச்சத்துக்குத்தான் சம்பளம் ஏறும். மூன்று லட்சம் பணிப்பெண்கள் போய்விட்டால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காரப் போவது யார் என்பதையும் யோசியுங்கள், பெரும்பாலும் பெண்கள்தான்.

கேள்வி: ஜோகூரிலிருந்து தினமும் வருகிறேன். எங்களையும் இந்தக் கணக்கில் சேர்ப்பீர்களா?

பதில்: சேர்ப்பேன். நீங்கள் இங்கே சம்பாதித்து அங்கே தூங்குவதால் இங்கே வாடகை ஏறவில்லை, அங்கே ஏறுகிறது. ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது ஜோகூர் பாருவில் ஒரு கடைக்காரரால் ஆளை நிறுத்திவைக்க முடிவதில்லை. உட்லண்ட்ஸுக்கும் புக்கிட் சாகாருக்கும் இடையில் மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றும் ரயில் ஓடத் தொடங்கினால் அவர் பாடு இன்னும் திண்டாட்டம்தான். உங்களுக்கு ஒரு யோசனை: அங்கே வாடகை ஒப்பந்தம் போடுவதாக இருந்தால், ரயில் ஓடத் தொடங்குவதற்கு முன்பே நீண்ட காலத்துக்குப் போட்டுவிடுங்கள்.