வைஃபை கார்டு போய்விட்டது என்றால் உடனே பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: 2014இல் வாங்கிய எச்பி மடிக்கணினியில் விண்டோஸ் மிகவும் மெதுவாகிவிட்டதால், அதை அழித்துவிட்டு லினக்ஸ் மின்ட் நிறுவினேன். மற்றவை நன்றாக இயங்குகின்றன. வைஃபை மட்டும் இல்லை, பட்டியலே வருவதில்லை. பழுதுபார்க்கும் கடையில், "கார்டு போய்விட்டது, மாற்ற 2,800 ரூபாய் ஆகும், லினக்ஸும் இந்த மாடலுக்கு ஒத்துவராது" என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். விண்டோஸை அழித்த நாள்வரை உழைத்த கார்டு, லினக்ஸ் ஏறிய அன்றே உயிரை விட்டது என்பதை நம்பிப் பணம் கொடுக்கும் முன் இரண்டு நிமிடம் செலவிடுங்கள். மெனுவில் "சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்" என்பதைத் திறந்து, "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" பகுதியில் "நெட்வொர்க்" என்ற இடத்தைப் பாருங்கள். "ஈதர்நெட்" என்று வருவது கம்பி இணைப்புக்கானது, அதை விட்டுவிடுங்கள். "வயர்லெஸ்" என்றோ "802.11" என்றோ ஒரு வரி தென்பட்டால், கணினிக்கு அந்தக் கார்டு தெரிகிறது, பெரும்பாலும் அதோடு பேசுவதற்கான டிரைவர் என்ற மென்பொருள்தான் இல்லை.

அந்த வரியில் "பிராட்காம் பிசிஎம்43142" என்று இருக்கும் என்பது என் ஊகம். உங்கள் மடிக்கணினியின் காலத்தில் எச்பி, டெல், லெனோவோ மாடல்கள் பலவற்றில் வந்த சில்லு அது. லினக்ஸோடு கூடவே வரும், யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்தமூல டிரைவர்கள் அதற்குப் பொருந்துவதில்லை. பிராட்காம் நிறுவனம் தனியாகத் தரும் மூடிய டிரைவரைத்தான் நாம் போட்டுக்கொள்ள வேண்டும். அதையும் அவர்கள் 2015க்குப் பிறகு புதுப்பிக்கவில்லை. சில்லை விற்றுக் காசு பார்த்த நிறுவனம் கைகழுவிவிட, ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர்கள் அதற்கு ஒட்டுப்போட்டுக் காப்பாற்றி வருகிறார்கள். ஆனால் பழி மட்டும் லினக்ஸுக்கு.

இணையம் இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கேபிளால் மடிக்கணினியோடு இணைத்து, கைப்பேசி அமைப்புகளில் "யுஎஸ்பி டெதரிங்" (கைப்பேசியின் இணையத்தைக் கேபிள் வழியே பகிர்வது) என்பதை இயக்குங்கள். கம்பி இணைப்பு வந்துவிட்டதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். ஒன்றும் நடக்காவிட்டால், அது சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் மலிவுக் கேபிளாக இருக்கலாம். வேறொன்றை மாட்டிப் பாருங்கள். பிறகு "டிரைவர் மேனேஜர்" செயலியைத் திறந்தால் பிராட்காம் டிரைவர் பட்டியலில் நிற்கும். அதைத் தேர்ந்தெடுத்து நிறுவிவிட்டு, கணினியை மறுபடி தொடங்குங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கைப் பொறுமையாகப் படியுங்கள், ஏனெனில் எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்களும் தடுக்கி விழும் இடம் இதுதான். விண்டோஸ் 8 காலத்திலிருந்து வரும் மடிக்கணினிகளில் "செக்யூர் பூட்" என்றொரு காவல் உண்டு. அது இயங்கிக்கொண்டிருந்தால், வெளியிலிருந்து வந்த டிரைவரை உங்கள் ஒப்புதலின்றி உள்ளே விடாது. டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லும். அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். மறுபடி தொடங்கும்போது நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவதொரு விசையை அழுத்தும்படி கேட்டுப் பத்து விநாடிகள் மட்டுமே காத்திருக்கும். தேநீர் எடுக்கப் போய்விட்டால், அது பேசாமல் கடந்துபோய் லினக்ஸ் திறந்துவிடும். டிரைவர் நிறுவப்பட்டிருந்தும் வைஃபை வராது. ஆகவே அருகிலேயே இருந்து ஒரு விசையை அழுத்தி, "என்ரோல் எம்ஓகே", "கன்டினியூ", "யெஸ்" என்று வரிசையாகச் சென்று, அந்தக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். திரையைத் தவறவிட்டவர்கள், கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸில் செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாம்; விண்டோஸை முழுவதும் அழித்துவிட்ட உங்களுக்கு அதனால் தொல்லை எதுவும் இல்லை.

இனி கடைக்காரர் விஷயம். அக்காலத்து எச்பி மாடல்கள் சிலவற்றின் பயாஸ், தன் அங்கீகாரப் பட்டியலில் இல்லாத வைஃபை கார்டைக் கண்டால் கணினியைத் தொடங்கவே விடாது. இதை அறியாமல் கையில் கிடைத்த கார்டை மாட்டி, பிறகு "மதர்போர்டும் போய்விட்டது" என்று சொல்வதை நான் கண்டிருக்கிறேன். கார்டுக்குப் பதிலாக யுஎஸ்பி டாங்கிள் (யுஎஸ்பி துளையில் செருகும் சிறிய வைஃபை கருவி) வாங்கச் சொன்னாலும் ஏமாந்துவிடாதீர்கள். "லினக்ஸிலும் ஓடும்" என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பது போதாது. டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற டாங்கிளின் முதல் பதிப்பில் ஏதரோஸ் சில்லு இருந்தது, லினக்ஸில் செருகியதும் வேலைசெய்தது. இரண்டாம் பதிப்பில் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே ரியல்டெக் சில்லுக்கு மாறிவிட்டார்கள். பெயரை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் மறுபடியும் டிரைவர் தேட வேண்டியதாயிற்று. எனவே பெட்டியின்மேல் சிறிய எழுத்தில் உள்ள பதிப்பு எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

சிஸ்டம் ரிப்போர்ட்ஸில் வயர்லெஸ் வரியே இல்லையென்றால் மட்டும் கடைக்குப் போங்கள். அப்போதும், உங்கள் மாடலின் பயாஸ் ஏற்கும் கார்டுதானா என்று கேட்டு, ரசீதில் கார்டின் மாடல் எண்ணை எழுதச் சொல்லி, கழற்றிய பழைய கார்டைக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.