கையை விட்டது நான்தான், டாக்டர்

கேள்வி: பாம்பன் பக்கம் விசைப்படகில் கூலிக்குப் போகிறேன். வயது 34. இரண்டு வருடத்துக்கு முன்னால் இரவில் படகு கவிழ்ந்தது. தம்பியின் கையைப் பிடித்தபடி மிதந்தேன். விடியும் முன் கை நழுவிவிட்டது. இப்போதும் டீசல் வாடை பட்டால் அந்த இரவு அப்படியே திரும்ப வருகிறது. குடித்தால்தான் தூக்கம். நானும் அன்றைக்கே போயிருக்கலாம் என்று தோன்றுகிறது. மனநல டாக்டர் என்றாலே அம்மா ஏர்வாடியை நினைத்து அழுகிறார். பேசினால் எல்லாம் கிளம்பிவிடாதா? மீன்பிடித் தடைக்காலத்தில் சிகிச்சையை ஆரம்பிக்கலாமா?

பதில்: 'நானும் போயிருக்கலாம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். அது வந்து போகும் நினைப்பா, எப்படிச் செய்வது என்று யோசிக்கும் அளவுக்கு வந்துவிட்டதா? யோசிக்கிறீர்கள் என்றால் தடைக்காலம் வரை பொறுக்கக் கூடாது. வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அவரைக் கூட்டிக்கொண்டு இன்றைக்கே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். நடு இரவென்றாலும் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம். கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம்.

உங்களுக்கு இருப்பது பைத்தியம் அல்ல. பேராபத்தில் சிக்கிய மூளை, அது முடிந்த பிறகும் அபாயச் சங்கை நிறுத்தாமல் ஊதிக்கொண்டிருக்கிறது. டீசல் வாடை அதற்கு அந்த இரவின் அடையாளம். மாதக்கணக்கில் இப்படித் தொடர்ந்தால் அதற்கென்றே சிகிச்சை உண்டு.

பேசினால் கிளம்பாதா என்றால், கொஞ்சம் கிளம்பும்தான். முதல் சில வாரம் தூக்கம் இன்னும் கெடவும் கூடும். ஆனால் நல்ல சிகிச்சையாளர் எடுத்த எடுப்பில் 'அந்த இரவைச் சொல்' என்று கேட்க மாட்டார். மூச்சை நிதானப்படுத்த, பதற்றம் ஏறும்போது கால் தரையில் ஊன்றியிருப்பதை உணர, முதலில் பழக்குவார். அப்புறம்தான் நினைவுக்குப் போவார். நிறுத்தச் சொல்லும் உரிமை எப்போதும் உங்களுக்கு உண்டு. கண்களை இடமும் வலமும் அசைத்தபடி நினைவைத் தொடும் ஈ.எம்.டி.ஆர். என்ற முறையும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே பரிந்துரைத்த முறைகளில் அதுவும் ஒன்று. எந்த முறையானாலும் நினைவு அழியாது. தம்பி மறந்துபோக மாட்டான். அது நடந்து முடிந்த விஷயம் என்று உடம்புக்குப் புரியும், அவ்வளவுதான்.

உங்கள் விஷயத்தில் நிஜமான முடிச்சு பயம் இல்லை, 'கையை விட்டது நான்தான்' என்பதுதான். ஆனால் கேள்வியில் நீங்களே 'கை நழுவிவிட்டது' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். மணிக்கணக்கில் தண்ணீரில் கிடந்தால் உடம்புச் சூடு இறங்கும், விரல் மரத்துப்போகும், பிடி தளரும். அது மனசு எடுக்கும் முடிவு அல்ல. இதை நான் எழுதினால் உங்களுக்கு ஆறாது என்று தெரியும். அந்த இரவை மணி மணியாக நீங்களே பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். சிகிச்சையில் பாதி நேரம் இதற்குத்தான் போகும் என்று நினைக்கிறேன்.

குடி சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் கெட்ட கனவோடு எழுப்பிவிடும். தினமும் குடிப்பவரானால் சட்டென்று நிறுத்தாதீர்கள், அதில் ஆபத்து உண்டு. டாக்டரிடம் அளவை ஒளிக்காமல் சொல்லுங்கள். மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் போடவே வேண்டாம். தேவைப்பட்டால் வேறு மாத்திரை தருவார். அது வேலை செய்யச் சில வாரம் ஆகும்.

தடைக்காலம் நல்ல யோசனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். வாரம் ஒன்று என்றால் எட்டு அமர்வு முடிந்துவிடும். பலருக்கு எட்டு முதல் பன்னிரண்டு வரை தேவைப்படுகிறது. ஆனால் முதல் சந்திப்பைத் தள்ளிப்போடாதீர்கள். கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே போய்ச் சீட்டுப் போடுங்கள்.

அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடிக் காப்பகத் தீயில் சங்கிலியோடு கிடந்த 28 பேர் இறந்ததை நம் மாவட்டம் மறக்கவில்லை. இன்று சங்கிலியில் கட்டுவது சட்டப்படி குற்றம். வாயால் சொன்னால் நம்ப மாட்டார். முதல் நாள் அவரையும் கூட்டிப் போங்கள். சுகர், பிரஷருக்கு வந்தவர்களைப் போலவே அங்கேயும் ஆட்கள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கட்டும்.