தெரு வடிகாலில் விட்டால் ஏரியில் விட்ட மாதிரிதான்

காரை வாசலில் ஷாம்பூ போட்டுக் கழுவுகிறோம். தண்ணீர் சாக்கடைக்குத்தானே போகிறது? – செம்பாக்கம் வாசகர்

எந்தச் சாக்கடை என்று பாருங்கள். தெரு நடுவே வட்ட மூடி போட்டிருந்தால் அது பாதாளச் சாக்கடை. சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டியது. ஓரத்தில் கம்பி வலை இருந்தால் மழைநீர் வடிகால். வந்த தண்ணீரை வந்தபடியே பள்ளத்தில் இருக்கும் ஏரிக்குக் கொண்டுபோகும். உங்கள் ஏரி நிரம்பினால் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி இறங்கிப் பள்ளிக்கரணையில் சேர்கிறது. 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பிடித்த அதே சதுப்பு நிலம்தான். ஒரு வாளித் தண்ணீரும் ஈரத்துணியும் போதும், கார் பளபளக்கும்.

சின்ன ஹோட்டல் வைத்திருக்கிறேன். பாத்திரம் கழுவும் தண்ணீரை என்ன செய்வது? – மேடவாக்கம்

முதலில் எண்ணெய். பொரித்த எண்ணெயில் கெட்ட பொருள்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. கேனில் சேர்த்து, பயோடீசலுக்கு வாங்குபவர்களிடம் கொடுத்தால் காசும் வரும். அப்புறம், தட்டில் மிச்சமானதைக் குப்பைத்தொட்டியில் வழித்துவிட்டுக் கழுவுங்கள். கழிவுநீர் வெளியேறும் குழாய்க்கு முன்னால் ஒரு கொழுப்புத் தடுப்புத் தொட்டி கட்டுங்கள். ஒரு வாரம் கழித்து மூடியைத் திறந்தால் மேலே இட்லி மாவு மாதிரி வெள்ளையாக உறைந்து நிற்கும். அதுதான் ஏரியின் மேல் படலமாகப் படர்ந்து காற்றுப் புகாமல் அடைப்பது. வாரம் தவறாமல் அள்ளுங்கள். அள்ளாத தொட்டி இருந்தும் பயனில்லை.

வருஷா வருஷம் ஆகாயத்தாமரையை அள்ளுகிறோம், மறுபடி வந்துவிடுகிறதே? – குடியிருப்போர் சங்கம், தாம்பரம்

சாப்பாடு போட்டுக்கொண்டே விரட்டினால் எப்படிப் போகும்? கழிவுநீரின் நைட்ரஜனும் பாஸ்பரசும்தான் அதற்கு உரம். சூழல் வாய்த்தால் இரண்டே வாரத்தில் இருமடங்காகும். விதையோ சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அள்ளியதைக் கரையிலேயே போடாதீர்கள், மழைக்கு அழுகித் திரும்ப உள்ளேதான் இறங்கும். அடுத்த ஞாயிறு அள்ளப் போகும்முன் வரத்துக் கால்வாய் ஓரமாக ஒரு நடை நடந்து பாருங்கள். மழையே இல்லாத நாளில் எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறதோ, அதுதான் நீங்கள் அடைக்க வேண்டியது. தேதியோடு படம் எடுத்து மாநகராட்சியில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

செப்டிக் டேங்க் லாரியை நம்பலாமா? – மாடம்பாக்கம்

உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கே கொட்டப் போகிறார் என்று பணம் கொடுக்கும்முன் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு வண்டியைக் கூப்பிடுங்கள்.