மவுஸ் பிடிக்கத் தெரியாததற்கு ரப்பர் தோட்டத்தை அடகு வைப்பதா?

போன சனிக்கிழமை, கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மகளின் படிப்புக்கு என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தது. அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. சொந்தமாக நாற்பது சென்ட் ரப்பர் உண்டு. அதை வெட்டி முடித்த பிறகு அடுத்தவர் தோட்டத்திலும் வெட்டுகிறார். அம்மா முந்திரி ஆலையில் வேலை செய்கிறார். மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்தவள். நாற்காலியில் உட்காரும் முன்பே அம்மா ஒரு தாளை எடுத்து என் மேசையில் விரித்தார். பள்ளியின் ஹைடெக் லேபில் நடந்த கணினிவழித் தேர்வின் மதிப்பெண் அது. கணக்கில் 25க்கு 11.

"இனி எல்லாத் தேர்வும் கம்ப்யூட்டரில்தானாமே சார். இதிலேயே இவள் இப்படி என்றால் மேலே போய் என்ன செய்வாள்?" என்றார். குவைத்தில் இருக்கும் சித்தப்பா ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டார்: அரசுப் பள்ளி போதாது, பிளஸ் ஒன்னுக்கு நீட் பயிற்சியும் சேர்த்துத் தரும் தனியார் பள்ளியில் போட வேண்டும், இரண்டு வருடத்துக்கு மூன்று லட்சம், பாதியை அவர் தருவார், மீதிக்கு அந்த நாற்பது சென்ட்டை அடகு வைக்கலாம். அத்தை வீட்டில் ஒரு பையன் வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்கிறான் என்பதும் அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதி.

இரண்டு நிமிடம் ஆறுதலாகப் பேசிப் பார்த்தேன். ஆனால் அடகு என்ற சொல் காதில் விழுந்த பிறகு எனக்கு ஆறுதல் சொல்ல வராது.

முதலில் அந்த 11ஐப் பார்ப்போம். ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் 25 கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, பக்கத்து அறையில் உட்கார வைத்தேன். முக்கால் மணி நேரத்தில் 21 சரி. பிறகு லேபில் என்ன செய்தாய் என்று கேட்டேன். ஒரு கணினிக்கு இரண்டு பேர் காத்திருந்தார்களாம். இவள் விடையைத் தொட்டிருக்கிறாள். அதைச் சேமிக்கும் பொத்தானை அழுத்தாமல், ஓரத்தில் இருந்த அடுத்த எண்ணைத் தொட்டுத் தாவியிருக்கிறாள். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, தேர்வு முழுக்க. யாரும் அவளுக்கு முன்கூட்டிச் சொல்லித் தரவில்லை. வீட்டில் இருப்பது அப்பாவின் கைபேசி மட்டும். மவுஸ் என்ற பொருளை அவள் வருடத்தில் நாலைந்து நாள்தான் தொடுகிறாள். அந்த 11ஐ வைத்து அவளுடைய கணக்கை யாரும் எடை போட வேண்டாம்.

நம் பள்ளிகளில் இந்தத் தேர்வுமுறை வேகமாக வருகிறது என்பது உண்மைதான். அது வந்த விதத்தில் எனக்குக் கோபமும் உண்டு: தேர்வு முதலில் வருகிறது, பழக்கம் பிறகு வருகிறது. ஆனால் இது போய்விடும் என்று காத்திருக்க முடியாது. பொறியியலுக்கான ஜே.இ.இ. மெயின் நுழைவுத் தேர்வு 2019 முதல் முழுக்கக் கணினியில். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு 2022இல் வந்தது. அதே ஆண்டு நம் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளையும் கணினியில்தான் நடத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், சித்தப்பா சொல்லும் நீட் தேர்வு மட்டும் 2025 வரை கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பும் தேர்வாகவே நடந்திருக்கிறது. கம்ப்யூட்டர் பயத்துக்கு மருந்தாக நீட் வகுப்பா? கண்வலிக்காரனைப் பல் வைத்தியரிடம் அனுப்புவது போல இருக்கிறது.

அந்தத் திரையில் பழக வேண்டியது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தேசியத் தேர்வு முகமை நடத்தும் தேர்வுகளில் வலப்பக்கம் கேள்வி எண்கள் கட்டம் கட்டமாக இருக்கும். பார்க்காத கேள்வி வெண்சாம்பல். பார்த்துவிட்டு விடை தராதது சிவப்பு. விடை சேமிக்கப்பட்டது பச்சை. மறுபடி பார்க்கலாம் என்று குறித்தது ஊதா. விடையும் தந்து, மறுபார்வைக்கும் குறித்திருந்தால் ஊதாவின் மேல் பச்சைப் புள்ளி; அது மதிப்பீட்டில் சேரும். விடையைத் தேர்ந்த பிறகு 'சேமித்து அடுத்தது' பொத்தானை அழுத்தினால்தான் அது விடை. எண்ணைத் தொட்டுத் தாவினால் தேர்ந்தது காற்றோடு போகும். நம் பெண்ணுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான். வழித்தாள் தருவார்கள், கணக்கைக் கையால் போடலாம். மாதிரித் தேர்வுகள் முகமையின் தளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒரு வருடம். இதற்கு மூன்று லட்சம் ஆகாது.

அப்பா ஒரு நல்ல கேள்வி கேட்டார். "ஒரே தேர்வைப் பல நாள், பல வேளைகளில் வைக்கிறார்களே, ஒரு நாள் சுலபமான கேள்வி வந்தால் அடுத்த நாள் எழுதுகிறவனுக்கு நஷ்டம்தானே?" அவரிடமே திருப்பிக் கேட்டேன்: உங்கள் ரப்பர் பாலை வாங்குகிறவர் லிட்டரை மட்டும் பார்த்தா விலை போடுகிறார்? இல்லை, டி.ஆர்.சி. பார்க்கிறார், அதாவது பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்று. மழைநாள் பாலும் வெயில்நாள் பாலும் ஒரே வாளி நிறைந்தாலும் ஒரே காசு இல்லை. இங்கும் ஏறக்குறைய அப்படித்தான். பெற்ற மதிப்பெண்ணை அப்படியே எடுத்து அடுத்த வேளைக்காரரோடு ஒப்பிடுவதில்லை. அதே வேளையில் எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேரைவிட மேலே இருக்கிறாள் என்று பார்த்துச் சமன்படுத்துகிறார்கள். அவர் தலையாட்டினார். இந்தக் கணக்கைப் பட்டதாரிகளுக்குப் புரியவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆகும்.

இப்போது பள்ளி மாற்றும் யோசனை. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அது 2020இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்குப் போனால் அந்த உரிமை அன்றோடு போயிற்று. கல்லூரிக்குப் போகும்போது மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் கூடவே போகும். டாக்டராக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, டாக்டராவதற்கு இருக்கும் குறுக்குவழியைக் காசு கொடுத்து அடைக்கிறீர்கள். ஜூன், ஜூலை மழையில் பால்வெட்டு நின்றுவிடும் வீட்டில் அடகு வட்டியை யார் கட்டுவார்கள்? சித்தப்பாவுக்குக் குவைத்தில் வேலை இருக்கும்வரை அவர் கட்டுவார். அதற்குப் பிறகு?

இத்தனைக்கும் அந்தப் பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. கேட்டேன். உயிரியல் பிடிக்குமா என்றதற்குத் தரையைப் பார்த்தாள். மாலையில் என்ன செய்வாய் என்றதும் முகம் மாறிவிட்டது. அண்டை வீட்டுப் பிள்ளைகள் ஆறேழு பேர் வருவார்களாம், கணக்குச் சொல்லிக் கொடுப்பாளாம். பின்னம் புரியாத பையனுக்கு ரப்பர் ஷீட்டை மடித்துக் காட்டியிருக்கிறாள். அரை, கால், அரைக்கால். அம்மா சிரித்துக்கொண்டே, "அது சும்மா விளையாட்டு சார்" என்றார். எனக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. பின்னத்தை அப்படிப் புரியவைக்கத் தெரியாமல் வேலையில் இருக்கும் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

பொறியியல், நர்சிங் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. மார்த்தாண்டம் பஸ் நிலையத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் போதும், விளம்பரப் பலகைகளே எல்லாவற்றையும் சொல்லிவிடும். எந்தப் பலகையிலும் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வி. பி.எஸ்சி.யும் பி.எட்.டும் ஒரே படிப்பாக. வழக்கமான பாதையில் பட்டத்துக்கு மூன்று, பி.எட்.டுக்கு இரண்டு என்று ஐந்து வருடம். இங்கே நான்கு. ஒரு வருட விடுதிச் செலவும் ஒரு வருட உழைப்பும் மிச்சம். 2023-24இல் நாடு முழுவதும் 57 நிறுவனங்களில் இது தொடங்கியது. சேர்க்கைக்கு என்.சி.இ.டி. என்ற கணினிவழி நுழைவுத் தேர்வு. முதல் தேர்வு 2023 ஆகஸ்டில் நடந்தது. மூன்று மணி நேரம், 160 கேள்விகள். இரண்டு மொழி, மூன்று பாடம், பொது அறிவு, கற்பிக்கும் திறன். சரிக்கு நான்கு, தவறுக்கு மைனஸ் ஒன்று. தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். தேர்வுக் கட்டணம் ஆயிரம் ரூபாய் அளவில்தான்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு எந்தெந்த ஊர்? திருவாரூரில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதைவிட, மேற்கே பாருங்கள். குழித்துறையில் விடியற்காலையில் பரசுராம் எக்ஸ்பிரஸ் ஏறினால் அதே ரயில் கோழிக்கோட்டுக்கும் போகும், காசர்கோட்டுக்கும் போகும். கோழிக்கோட்டில் என்.ஐ.டி. என்னும் தேசியத் தொழில்நுட்பக் கழகம்; காசர்கோடு அருகே பெரியாவில் கேரள மத்தியப் பல்கலைக்கழகம். இரண்டிலும் இந்தப் படிப்பு உண்டு. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் காதில் விழுந்தே வளர்ந்த மொழி. சென்னையைவிட அங்கே அவர்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள்.

மைசூரு மண்டலக் கல்வி நிறுவனத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவான என்.சி.இ.ஆர்.டி.யின் கீழ் 1963இல் தொடங்கியது. தென் மாநிலங்களுக்கென்றே இருப்பது. மாநிலவாரியாக இடம் ஒதுக்குகிறார்கள், தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. வளாகத்துக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. கற்பிப்பதைப் பற்றி வகுப்பில் கேட்டுவிட்டு, நடந்து போய் அந்தப் பள்ளியில் பிள்ளைகள் முன்னால் நின்று பார்க்கலாம். வகுப்புக்கு முதுகைக் காட்டாமல் கரும்பலகையில் எழுதுவது எப்படி, கடைசி பெஞ்சுக்காரன் புரியாமல் தலையாட்டுகிறான் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் பழகிப் பழகி வருவதுதான். பி.எட். என்றால் வருகைப்பதிவுக்கு மட்டும் போய்வரும் படிப்பு என்று நினைப்பவர்கள் ஒருமுறை அங்கே போய்ப் பார்க்கலாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என் மேல் பழி வரக் கூடாது. நான்கு ஆண்டு முடித்தவுடன் அரசு வேலை கையில் வந்து விழாது. தகுதித் தேர்வு எழுத வேண்டும், நியமனத்துக்குக் காத்திருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் பி.எட். முடித்துக் காத்திருக்கும் அக்காமார் இல்லாத தெரு இல்லை. மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளுக்கு முயலலாம், நாகர்கோவிலிலேயே ஒன்று இருக்கிறது. ஆனால் வேலை எந்த மாநிலத்தில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மத்திய அரசின் இன்னொரு வகையான நவோதயா பள்ளி தமிழ்நாட்டில் கிடையவே கிடையாது. பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பமாட்டோம் என்று பின்னால் சொல்லப் போகிறவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள். கணினிவழித் தேர்வுக்கும் கோளாறு உண்டு: 2024 ஜூன் 12இல் நடந்த என்.சி.இ.டி.யில் சில மையங்களில் சிக்கலாகி, ஜூலை 10இல் மறுபடி வைத்தார்கள். அப்படியொரு நாளில் பிள்ளை அழுதுகொண்டு வெளியே வந்தால் திட்டாமல் சோறு போடுங்கள்.

அம்மா கடைசியாக, "டாக்டர் என்றால் ஊரில் ஒரு மதிப்பு" என்றார். இருக்கட்டும். அந்த மதிப்புக்காக இவள் உயிரியல் புத்தகத்தோடு இரண்டு வருடம், கிடைக்காவிட்டால் இன்னும் இரண்டு வருடம் மல்லுக்கட்டுவாள். சம்மந்தப்பட்டவள் இதே அறையில்தான் உட்கார்ந்திருக்கிறாள், அவளிடம் கேளுங்கள் என்றேன். அப்பாதான் கேட்டார்: "நீ சொல்லு மக்களே." அவள் கணக்கு, இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் உள்ள பிரிவைச் சொன்னாள். அதே பள்ளியில்.

செய்ய வேண்டியவற்றை அங்கேயே எழுதிக் கொடுத்தேன். பிளஸ் ஒன் அதே அரசுப் பள்ளி. பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர் ஒரு பெற்றோர்தான், தலைமை ஆசிரியர் அல்ல. அடுத்த கூட்டத்தில் எழுந்து, வாரத்தில் ஒரு மாலை ஹைடெக் லேபைப் பிள்ளைகளுக்குத் திறந்துவைக்கக் கேளுங்கள். இவளுக்கு மட்டுமாகக் கேட்காதீர்கள், வகுப்புக்கே கேளுங்கள், அப்போதுதான் நடக்கும். நடக்காவிட்டால் குலசேகரத்தில் பிரவுசிங் சென்டர் இருக்கிறது. மாதிரித் தேர்வை மவுஸில்தான் செய்ய வேண்டும், கைபேசியில் விரலால் தட்டிப் பழகினால் மறுபடியும் அதே 11தான். மாலைநேரக் கணக்கு வகுப்பை, பொதுத்தேர்வு என்று சொல்லி நிறுத்தக் கூடாது. நிலப் பத்திரம் அலமாரியிலேயே இருக்கட்டும்.

எழுந்து போகும்போது அப்பா வாசலில் நின்று, சித்தப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று கேட்டார். எண்ணை வாங்கி வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.