நாற்பது பொன்னாடை எதற்கு?

கேள்வி: எங்கள் ஊரில் இரண்டு நாள் வட்டார வரலாற்று மாநாடு நடத்தப்போகிறோம். 300 பேரை எதிர்பார்க்கிறோம். மண்டபம், சாப்பாடு, மைக் செட், மேடையில் 40 பேருக்குப் பொன்னாடை, ஷீல்டு என்று எழுதிக் கூட்டிப் பார்த்தால் கையில் இருக்கிற பணத்தைத் தாண்டுகிறது. எதைக் குறைக்கலாம்?
— ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்.

பதில்: 40 பொன்னாடையைத்தான் குறைக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் பொன்னாடையைப் பற்றி முன்பே எழுதி விழாக் குழுக்காரர்கள் சிலருடைய கோபத்தைச் சம்பாதித்தவன் நான். இன்னும் அதையேதான் சொல்கிறேன். ஒன்று 250 ரூபாய் என்று வைத்தாலும் 40-க்கு 10,000 ரூபாய். சென்னையிலிருந்து வரும் ஆய்வாளர்கள் மூன்று பேர் மூன்றடுக்கு ஏசியில் வந்துபோக அந்தப் பணம் போதும். உங்கள் பட்டியலில் பயணச் செலவு என்று ஒரு வரியே இல்லை. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்தவருக்கு ஒரு ஜரிகைத் துணியைப் போர்த்தி அனுப்புவது மரியாதை ஆகாது.

அந்தத் துணியை வைத்து என்ன செய்ய முடியும்? தலை துவட்ட முடியாது, போர்த்திக்கொண்டு தூங்கவும் முடியாது. பீரோவில் கொஞ்ச காலம் கிடந்துவிட்டு அடுத்த விழாவில் இன்னொருவர் தோளுக்குப் போகும். நேரத்தையும் கணக்கில் எடுங்கள். பெயரை வாசித்து, ஆளை எழுப்பி, போர்த்தி, போட்டோவுக்கு நிற்க ஆளுக்கு ஒரு நிமிடம். ஆக 40 நிமிடம். ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பற்றி ஒருவர் நிதானமாகப் பேசக்கூடிய நேரம் அது. அதை மேடைக்குக் கொடுத்துவிட்டு, கட்டுரை வாசிக்க வந்தவரிடம் ‘சீக்கிரம் முடிங்க’ என்று துண்டுச் சீட்டு அனுப்புகிறார்கள். எனக்கு ஆத்திரமே அங்கேதான் வருகிறது.

ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அம்பையிலிருந்து நெல்லைக்கு வரும் சாலையிலேயே வீரவநல்லூரில் தறி இருக்கிறது, பத்தமடையில் பாய் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிற நாலைந்து பேருக்கு மட்டும் பத்தமடைக் கோரைப்பாய் கொடுங்கள். புவிசார் குறியீடு வாங்கிய பாய். கடையில் பார்த்து வாங்காமல் நெய்கிறவர் வீட்டிலேயே சொல்லி வையுங்கள். கையால் நெய்வதற்கு நாள் பிடிக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். வரவை முதலில் எழுதுங்கள். கையில் வந்த பணம் தனி, தருவதாகச் சொன்ன பணம் தனி. இரண்டாவதை நம்பி யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். செலவில் மண்டபமும் மைக் செட்டும் 100 பேர் வந்தாலும் 300 பேர் வந்தாலும் ஒன்றுதான். சாப்பாடுதான் தலைக்குத் தலை ஏறும். அதனால் சிறு தொகையாவது பதிவுக் கட்டணம் வாங்குங்கள். இலவசம் என்றால் பெயர் கொடுப்பவர்கள் நிறைய இருப்பார்கள், வருகிறவர்கள் குறைவு. மண்டபத்துக்காரர் சொல்லும் வாடகையில் ஜெனரேட்டர் டீசல், கரண்ட், துப்புரவு, 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் அடக்கமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை எதற்கும் தொடாமல் வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஆடியில் நடத்துங்கள். முகூர்த்தம் கிடையாது, மண்டபம் பேரத்துக்கு இறங்கி வரும், சமையல்காரரும் கிடைப்பார், குற்றாலச் சாரல் காற்றும் இருக்கும். ஆடி அமாவாசையை மட்டும் விலக்குங்கள். பாபநாசத்துக்கும் சொரிமுத்தையனார் கோவிலுக்கும் கூட்டம் திரளும் நாளில் உங்கள் விருந்தினருக்கு லாட்ஜில் அறையும் கிடைக்காது, பஸ்ஸில் இடமும் கிடைக்காது. மார்கழியிலும் மண்டபம் காலியாகத்தான் இருக்கும். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் என்ன செய்தது என்று அம்பைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேதி முடிவானதும் ரயில் முன்பதிவு திறக்கும் 60-ஆவது நாளைக் குறித்துவைத்து, வெளியூர்க்காரர்களின் டிக்கெட்டை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

மைக் செட்டுக்காரருக்கு அன்று ராத்திரியே பணத்தைக் கொடுத்துவிடுங்கள். மேடையில் இருப்பவர்களுக்கெல்லாம் மாலை விழும். முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகக் கிளம்புகிறவரை மட்டும் ‘நாளைக்கு வாங்க’ என்று அலையவிடும் வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. அது ஒழிய வேண்டும்.

சாப்பாட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். பலகாரங்களைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டாம் நாள் மத்தியானம் தேங்காய்ப் பாலில் செய்யும் சொதி இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாடாக நெல்லைச் சீமை போடுகிற சொதியை, இஞ்சிப் பச்சடியோடும் உருளைக்கிழங்கு வறுவலோடும் வெளியூர் ஆய்வாளர்கள் ஒரு தடவை சாப்பிடட்டும். வட்டார வரலாறு பேச வந்தவர்கள் அதையும் தெரிந்துகொண்டு போகட்டுமே. எத்தனை இலை என்று சமைக்கிற தவசிப்பிள்ளைக்கு இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். மூன்று பாலும் எடுக்க வேண்டும் என்றால் தேங்காய் நிறையப் பிடிக்கும்.